'அவர் எங்கள் ஆள் இல்லை': ரமணாசிரமமும் பெருமாள்சாமி வழக்கும்

திருவண்ணாமலை என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கார்த்திகை தீபமும் பௌர்ணமி கிரிவலமும் தான். அந்த 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் செங்கம் சாலையை ஒட்டி இருக்கிறது ரமணாசிரமம். உள்ளே போனால் மயில்களும், குரங்குகளும், தியானம் செய்பவர்களும் தான் கண்ணில் படுவார்கள். சத்தமே இருக்காது. இவ்வளவு அமைதியான இடத்துக்கும் கோர்ட்டு, வழக்கு, அவதூறுப் புத்தகம் இதெல்லாவற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். நிறையவே சம்பந்தம் உண்டு!

'இன்னார் பேசியதற்கும் எங்கள் அமைப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.' இப்படி ஒரு அறிவிப்பைச் செய்தித்தாளில் பார்க்காத ஆள் இருக்க முடியாது. கட்சிகள், சங்கங்கள், கோயில் அறக்கட்டளைகள், பண்பாட்டு அமைப்புகள் என்று எல்லோரும் ஏதாவது ஒரு நாள் இப்படி ஒரு அறிக்கை விட வேண்டி வருகிறது. படிக்க ரொம்பச் சுலபமான வாக்கியம். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். 'எங்கள்' என்றால் யார்? இந்தக் கேள்விக்குப் பதில் எழுத ரமணாசிரமத்துக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கதை தான் இது.

அமைப்பே இல்லாத காலம்

திருச்சுழியில் 1879-ல் பிறந்த வேங்கடராமன், 1896 செப்டம்பர் 1-ம் தேதி மதுரையிலிருந்து திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். அப்போது வயது 16. கோயிலில் சில காலம், பிறகு குருமூர்த்தம், அதன் பிறகு மலை மேல் விருபாட்ச குகை என்று இடம் மாறிக்கொண்டே இருந்தார். விருபாட்ச குகையில் 1916 வரை இருந்தார். ரமணர் என்ற பெயரே 1907-ல் காவ்யகண்ட கணபதி சாஸ்திரி வைத்தது தான்.

அந்தக் காலத்தில் அவரைச் சுற்றி எந்த அமைப்பும் கிடையாது. தலைவர், செயலாளர், பொருளாளர் யாரும் இல்லை. யாராவது சோறு கொண்டு வந்தால் இருப்பவர்கள் எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுவார்கள். அவ்வளவு தான்.

அந்த நாட்களில் பாலானந்தர் என்ற ஒரு சாது மலைக்கு வந்தார். இவர் செய்த வேலை வேடிக்கையானது. ரமணரைப் பார்க்க ஆட்கள் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இந்த இளம் சாமி தன்னுடைய சீடன் என்று சொல்லிக்கொள்வார். தான் சொன்னதை நிரூபிப்பது போல, ரமணரைப் பிள்ளையை அழைப்பது போல அழைத்து, வந்த தின்பண்டத்தைச் சாப்பிடச் சொல்வார். வந்தவர்களும் நம்பிவிடுவார்கள்.

ரமணர் என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பாலானந்தர் ஒரு கட்டத்தில் கோபம் வந்து அவர் மீது எச்சில் துப்பியபோதும் கூட அவர் பேசாமல் இருந்ததாக வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. கடைசியில் அந்தச் சாது தானாகவே மலையை விட்டுப் போனார்.

அந்த மௌனத்தை ரமணரின் பெருமை என்று மட்டும் பார்க்க வேண்டியதில்லை. அதில் ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. பாலானந்தர் சொன்ன பொய்யால் கெட்டுப் போக அங்கே எதுவும் இல்லை. நிலம் இல்லை, கட்டடம் இல்லை, உண்டியல் இல்லை. இழக்க ஒன்றும் இல்லாதவர் மறுப்பு அறிக்கை எதற்கு விட வேண்டும்?

சொத்து வந்தது, சிக்கலும் வந்தது

1916 வாக்கில் ரமணரும் உடனிருந்தவர்களும் சற்று மேலே உள்ள கந்தாசிரமத்துக்குப் போனார்கள். ரமணரின் தாயார் அழகம்மாளும் தம்பி நாகசுந்தரமும் அங்கே வந்து சேர்ந்தார்கள். தம்பி பிறகு துறவு பூண்டு நிரஞ்சனானந்தர் ஆனார். எல்லோரும் அவரைச் சின்னசாமி என்றே அழைத்தார்கள்.

1922 மே 19-ல் தாயார் காலமானார். மலையின் தெற்கு அடிவாரத்தில் அவருக்குச் சமாதி அமைத்தார்கள். ரமணர் அடிக்கடி கீழே வந்து போய், பிறகு அங்கேயே தங்கிவிட்டார். முதலில் ஒரு ஓலைக் கொட்டகை. அது தான் இன்றைய ரமணாசிரமத்தின் தொடக்கம்.

கொட்டகை வளர்ந்தது. சமையல்கூடம், கோசாலை, கூடம், புத்தக நிலையம் என்று ஒவ்வொன்றாக வந்தது. பணம் வந்தது. பணம் வந்தால் கணக்கு எழுத ஒரு ஆள் வேண்டும். முதலில் வேறு சிலர் நிர்வாகம் பார்த்தார்கள். 1930 வாக்கில் சின்னசாமி 'சர்வாதிகாரி' என்ற பட்டத்தோடு நிர்வாகத்துக்கு வந்தார். இந்தச் சொல்லுக்கு இன்று அரசியலில் உள்ள பொருளை எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லாப் பொறுப்பும் உள்ள மேலாளர் என்பது தான் அதன் அர்த்தம். ஆனாலும் சின்னசாமி ரொம்பக் கண்டிப்பானவர் என்று பழைய அன்பர்கள் பலர் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இங்கே தான் பெருமாள்சாமி வருகிறார்.

பெருமாள்சாமி யார்?

இவர் வெளியாள் இல்லை. மலை மேல் இருந்த காலத்திலேயே ரமணருக்குப் பணிவிடை செய்தவர். கந்தாசிரமத்தில் நிர்வாகம் போன்ற வேலைகளைப் பார்த்தவர். சின்னசாமி பொறுப்புக்கு வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. அவருடைய வாதம் சாதாரணமாகத் தள்ளிவிடக் கூடியதும் இல்லை. மலை மேல் ஒன்றுமே இல்லாத காலத்தில் உழைத்தவன் நான். சாமியாருக்கு ஏது தம்பி? தம்பி என்ற உறவை வைத்து எப்படி நிர்வாகம் போகலாம்? இது தான் அவர் கேட்டதன் சாரம்.

1933-ல் அவர் ஒரு புத்தகம் வெளியிட்டார். ரமணரின் 'நிஜ ஸ்வரூபத்தை' காட்டுவதாகத் தலைப்பு. உள்ளே முழுக்க அவதூறு. ஆசிரமத்தில் இருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். மான நஷ்ட வழக்குப் போட வேண்டும் என்ற பேச்சும் எழுந்தது.

ரமணர் சொன்ன யோசனை எல்லோரையும் திகைக்க வைத்தது. அந்தப் புத்தகத்தை ஆசிரம வாசலிலேயே வைத்து விற்கலாமே என்றாராம்! படித்துவிட்டு நம்புகிறவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள், நம்பாதவர்கள் மட்டும் உள்ளே வருவார்கள், கூட்டமும் குறையும் என்பது அவர் சொன்ன காரணம். அன்பர்களின் நினைவுக் குறிப்புகளில் இந்தச் சம்பவம் பதிவாகியிருக்கிறது.

நகைச்சுவையாகத் தெரிந்தாலும் அதில் ஒரு தெளிவு இருக்கிறது. மறுத்தால் புத்தகத்துக்கு விளம்பரம். தடுத்தால் உண்மை இருக்கிறதோ என்ற சந்தேகம். வாசலில் வைத்துவிட்டால் அதைப் படிப்பவர் தானே பார்த்துத் தானே முடிவு செய்வார்.

ஆனால் இந்த வழி எல்லா இடத்திலும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் சென்னை அடையாறில் நடந்ததைப் பாருங்கள். பிரம்மஞான சபையிலிருந்து 1884-ல் வெளியேற்றப்பட்ட கூலோம் தம்பதியர், பிளாவட்ஸ்கி அம்மையார் செய்த அற்புதங்கள் எல்லாம் மோசடி என்றார்கள். அவர் எழுதியதாகச் சில கடிதங்களைக் கொடுக்க, சென்னை கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகை அந்த ஆண்டு செப்டம்பரில் அவற்றை வெளியிட்டது. பிளாவட்ஸ்கி வழக்குப் போடத் துடித்தார். சபையின் குழு வேண்டாம் என்று தடுத்தது. வழக்குப் போடாததையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எதிரிகள் பேசினார்கள். 1885-ல் அவர் இந்தியாவை விட்டே போனார், திரும்பவில்லை.

அங்கேயும் மௌனம் தான், இங்கேயும் மௌனம் தான். விளைவு ஏன் வேறு? அடையாறில் எல்லாமே அற்புதங்கள் உண்மையா என்ற கேள்வியில் நின்றது. பதில் சொல்லாவிட்டால் அஸ்திவாரமே ஆடும். ரமணரோ எந்த அற்புதத்தையும் தன் பெயரில் சொல்லிக்கொள்ளவில்லை. எனவே பெருமாள்சாமி அடித்த அடி அவர் மீது விழவே இல்லை. ஆனால் ஆசிரமத்தின் மீது விழுந்தது.

கோர்ட்டு ஆசிரமத்துக்கு வந்தது

ஏனென்றால் பெருமாள்சாமி புத்தகத்தோடு நிற்கவில்லை. ஆசிரம நிர்வாகம் தனக்கு வர வேண்டும் என்று வழக்கும் தொடுத்தார். புத்தகத்தை வாசலில் வைத்து விற்கலாம். கோர்ட்டு சம்மனை என்ன செய்வது?

ரமணர் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. 1936 நவம்பரில் கமிஷன் ஒன்று ஆசிரமத்துக்கே வந்து அவரைச் சாட்சியாக விசாரித்தது. ஒரு ஞானியிடம் வக்கீல்கள் குறுக்கு விசாரணை செய்த அந்தக் காட்சி தமிழ்நாட்டு ஆன்மிக வரலாற்றில் அபூர்வமானது.

அவரிடம் கேட்கப்பட்ட முக்கியமான கேள்வி இது: பிரம்மசரியம், இல்லறம், வானப்பிரஸ்தம், சந்நியாசம் என்ற நான்கு ஆசிரமங்களில் நீங்கள் எதைச் சேர்ந்தவர்?

கேட்க வேதாந்தக் கேள்வி போல இருக்கிறது, ஆனால் இது சுத்தமான சொத்துக் கேள்வி! இந்து சட்டப்படி ஒருவர் முறைப்படி சந்நியாசம் வாங்கினால் பிறந்த குடும்பத்தோடு அவருக்குச் சட்ட உறவு அறுந்துவிடும். அதற்குப் பிறகு அவரிடம் சேரும் சொத்து சீடருக்குப் போகுமே தவிர, உறவினருக்குப் போகாது. ரமணர் தன்னைச் சந்நியாசி என்று சொல்லியிருந்தால் தம்பியின் நிலை பலவீனமாகும், பழைய சீடரான பெருமாள்சாமியின் கை ஓங்கும். இல்லறத்தார் என்றும் சொல்ல முடியாது. அவருக்கு மனைவி மக்கள் இல்லை.

ரமணர் தன்னை அதியாசிரமி என்றார். நான்கு நிலைகளையும் கடந்தவர் என்று பொருள். அப்படி ஒரு நிலைக்கு சாஸ்திர ஆதாரம் உண்டா என்று கேட்டபோது சூத சம்ஹிதையைக் குறிப்பிட்டார். அவர் யாரிடமும் தீட்சை வாங்கியதில்லை, காவி உடுத்தியதில்லை, கோவணம் மட்டும் தான். ஆகவே அந்தப் பதில் தந்திரம் இல்லை, உள்ளபடி சொன்னது தான். ஆனாலும் சட்டத்தின் பார்வையில் அது மிகப் பெரிய பதில். சந்நியாசி இல்லை என்றால் அவர் சொத்து வைத்துக்கொள்ளலாம், அதை எழுதியும் வைக்கலாம்.

வழக்கு பெருமாள்சாமிக்கு எதிராக முடிந்தது.

ஒரு கோடு

இதற்குப் பிறகு தான் ஆசிரமம் விழித்துக்கொண்டது. ரமணர் இருக்கும்போதே இப்படி என்றால், இல்லாதபோது எத்தனை பேர் வருவார்கள்? 1938-ல் உயில் ஒன்று எழுதப்பட்டது. தாயார் சமாதி மீதுள்ள மாத்ருபூதேசுவரர் பெயருக்குச் சொத்துகள் என்றும், நிர்வாகம் நிரஞ்சனானந்தருக்கும் அவருக்குப் பின் அவர் மகன் வேங்கடராமனுக்கும் அவர் வழியினருக்கும் என்றும் அதில் ஏற்பாடு.

கையெழுத்து இடும் இடத்தில் ஒரு பிரச்சினை. வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து ரமணர் எந்தப் பெயரிலும் கையெழுத்துப் போடுவதில்லை. எனவே உயிலில் ஒரு கோடு மட்டும் இழுத்தார். அந்தக் கோடு தான் கையெழுத்தாக ஏற்கப்பட்டது. இன்று ஆசிரமம் நிற்பது அந்த ஒரு கோட்டின் மேல் தான்.

இதில் ஒரு முரண்பாடு இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. 16 வயதில் குடும்பத்தை விட்டு வந்தவரின் ஆசிரமம், கடைசியில் அதே குடும்பத்தின் வழிவழியான நிர்வாகத்துக்குப் போனது. அன்றும் இதை விமர்சித்தவர்கள் உண்டு. பெருமாள்சாமியின் வழி தவறாக இருந்தாலும் அவர் எழுப்பிய கேள்வி முழுக்க அநியாயமானது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். உயில் நிர்வாகத்துக்கு மட்டும் தான் வாரிசை நியமித்தது. ஞானத்துக்கு யாரையும் வாரிசாக நியமிக்கவில்லை. ரமணர் தனக்குப் பின் இன்னார் குரு என்று யாரையும் சொல்லவே இல்லை. சாவி ஒருவரிடம், போதனை எல்லோரிடமும்!

புகழ்ந்தால் நம்மவர், திட்டினால் வெளியாள்

ஆசிரமத்துக்கு இன்னொரு சோதனை வெளிநாட்டிலிருந்து வந்தது. லண்டன் பத்திரிகையாளர் பால் பிரண்டன் 1931-ல் ரமணரைச் சந்தித்தார். 1934-ல் அவர் வெளியிட்ட 'எ சர்ச் இன் சீக்ரெட் இந்தியா' என்ற புத்தகம் தான் ரமணரை மேல்நாட்டில் பிரபலமாக்கியது. அதைப் படித்துவிட்டுத் திருவண்ணாமலைக்கு ரயில் ஏறியவர்கள் ஏராளம். அப்போது பிரண்டனுக்கும் எங்களுக்கும் தொடர்பு இல்லை என்று யாரும் அறிக்கை விடவில்லை.

நாளடைவில் உறவு கசந்தது. ரமணரிடம் கேட்டதை எல்லாம் தன் கருத்து போலத் தன் புத்தகங்களில் எழுதுகிறார் என்று அவர் மீது குறை. 1939-ல் கூடத்தில் உட்கார்ந்து குறிப்பு எடுக்கக் கூடாது என்று நிர்வாகம் தடை போட்டது. பிரண்டன் மனம் கசந்து விலகினார். 1941-ல் வந்த 'தி ஹிடன் டீச்சிங் பியாண்ட் யோகா' புத்தகத்தில் ஆசிரமத்தைப் பற்றிய தன் ஏமாற்றத்தை எழுதினார்.

பிரண்டன் ஒரு நாளும் ஆசிரமப் பொறுப்பில் இருந்ததில்லை. புகழ்ந்து எழுதிய 1934-லும் அவர் வெளியாள் தான், குறை எழுதிய 1941-லும் வெளியாள் தான். மாறியது அவர் நிலை இல்லை, அவர் எழுதியது தான். எந்த அமைப்பும் தன்னைப் பார்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. ஒருவரின் பாராட்டை வாசலில் மாட்டி வைத்துவிட்டு, அவரே திட்டும்போது மட்டும் 'யார் அவர்?' என்று கேட்டால் ஊர் சிரிக்காதா?

ஆசிரமம் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது என்றே சொல்ல வேண்டும். 1984-ல் பிரண்டனின் பழைய குறிப்புகளைத் தொகுத்து 'கான்ஷியஸ் இம்மார்ட்டாலிட்டி' என்ற பெயரில் வெளியிட்டது ரமணாசிரமம் தான். எந்தக் குறிப்புகளை எடுக்கக் கூடாது என்று ஒரு காலத்தில் சண்டை நடந்ததோ, அதே போன்ற குறிப்புகள்!

1950-க்குப் பிறகு

1950 ஏப்ரல் 14-ல் ரமணர் மறைந்தார். 1953-ல் சின்னசாமியும் மறைந்தார். உயிலில் எழுதியபடி வேங்கடராமன் பொறுப்பேற்றார். உயில் இல்லாமல் இருந்திருந்தால் எத்தனை பெருமாள்சாமிகள் கோர்ட்டுப் படி ஏறியிருப்பார்களோ.

பின்னாளில் ரமணர் பெயரைச் சொல்லி உலகம் முழுவதும் பலர் போதிக்கத் தொடங்கினார்கள். 1990-களுக்குப் பிறகு திருவண்ணாமலையிலேயே சத்சங்கம் நடத்தும் வெளிநாட்டவர்கள் பெருகினார்கள். இவர்களில் நல்லவர்களும் உண்டு, மற்றவர்களும் உண்டு. ஒவ்வொருவர் பேச்சுக்கும் மறுப்புச் சொல்லப் போனால் ஆசிரமத்துக்கு வேறு வேலையே நடக்காது. அந்தத் தேவையும் இல்லை. குரு வாரிசு யாரும் இல்லை என்பது முன்பே தீர்ந்துபோன விஷயம். அதனால் ஆசிரமத்தின் சார்பில் குருவாகப் பேச யாருக்கும் உரிமை இல்லை. ஒரே வரியில் எல்லோருக்கும் சேர்த்து மறுப்பு ஆகிவிட்டது.

பாரம்பரியத்தைக் காக்கும் எந்த அமைப்பும் இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியது இது தான். சர்ச்சை வெடித்த பிறகு எழுதும் மறுப்பை விட, சர்ச்சைக்கு முன்பே 'நாங்கள் யார், எங்கள் பெயரில் யார் பேசலாம்' என்று தெளிவாக எழுதி வைப்பது வலுவானது. அது இல்லாதபோது விடும் மறுப்பு வெறும் பயமாகத் தெரியும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. பெருமாள்சாமி என்ன ஆனார்?

கடைசிக் காலத்தில் கையில் பணம் இல்லாமல், உடம்பும் கெட்டு, அவர் ரமணரிடமே வந்ததாக அன்பர்களின் குறிப்புகள் சொல்கின்றன. இவ்வளவு தொல்லை கொடுத்த தான் நரகத்துக்குத் தான் போவேன் என்று அழுது, தன்னை மறந்துவிடக் கூடாது என்று கேட்டாராம். நீ மறந்தாலும் நான் மறக்க மாட்டேன் என்ற பொருளில் ரமணர் பதில் சொன்னாராம். நரகத்துக்குப் போகிறவனுக்கு அதனால் என்ன பயன் என்று பெருமாள்சாமி கேட்க, அங்கேயும் தான் இருப்பதாகச் சொன்னாராம்.

ஆசிரமத்தின் ஏட்டில் பெருமாள்சாமி வழக்கில் தோற்ற எதிர்த் தரப்பு. அதை எழுதி வைக்க வேண்டியது அமைப்பின் கடமை, அதில் தப்பில்லை. ஆனால் ரமணர் கடைசி வரை அவரைத் தன் ஆள் இல்லை என்று ஒரு முறை கூடச் சொல்லவில்லை.